ஆபரேஷன் முடிஞ்சாச்சு... ஆட்டம் எப்போ?

2023 ஐ.பி.எல் இறுதி ஆட்டம். அகமதாபாத்தில் மழை புகுந்து விளையாடியதில், மே 29-ம் தேதி இரவு தொடங்கிய ஆட்டம் மறுநாள் அதிகாலை வரை இழுத்துவிட்டது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோஹித் சர்மா வீசிய பந்தை ஜடேஜா நேராகத் தூக்கி சிக்ஸர் அடித்தார். அடுத்த பந்தை ஃபைன் லெக் பக்கம் தட்டிவிட்டுக் கையை உயர்த்தியபடி ஓடினார். வந்தவரை தோனி அப்படியே அள்ளித் தூக்கினார்.

அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைக்காத சிஎஸ்கே ரசிகர் இருக்க முடியாது. அதில் யாரும் கவனிக்காத விஷயம் முழங்கால். தூக்கப்பட்டவர் 2022 செப்டம்பரில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தூக்கியவர் அந்த சீசன் முழுக்க ரன் ஓடவே சிரமப்பட்டுக்கொண்டு, கடைசி ஓவர்களுக்கு மட்டும் மட்டையோடு இறங்கியவர். கோப்பையை வாங்கிய இரண்டே நாளில், ஜூன் 1-ம் தேதி, மும்பையில் அவருடைய இடது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

இருவருமே திரும்பி வந்தார்கள். ஜடேஜா சிகிச்சைக்குப் பிறகு முதலில் களமிறங்கியது நம் சேப்பாக்கத்தில்தான். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி ஆட்டம். சௌராஷ்டிரா தோற்றாலும், இரண்டாவது இன்னிங்ஸில் ஜடேஜா 53 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். இரண்டு வாரத்தில் நாக்பூர் டெஸ்ட்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்ட நாயகன். தோனி 42 வயதில் அடுத்த ஐ.பி.எல்-லுக்கும் வந்து நின்றார். 2022 டிசம்பர் 30-ல் கார் விபத்தில் வலது முழங்கால் சிதைந்த ரிஷப் பந்த், 15 மாதம் கழித்து ஐ.பி.எல்-லில் ஆடினார். விபத்துக்குப் பிறகு அவர் ஆடிய முதல் டெஸ்ட்டும் சேப்பாக்கத்தில்தான்: 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக 109 ரன். அந்த மைதானத்துக்கும் முழங்காலுக்கும் ஏதோ ராசி இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து நம் மனதில் ஒரு கணக்கு படிந்துவிட்டது. முட்டியில் அடிபட்டால் ஆபரேஷன். ஆபரேஷன் செய்தால் ஆறு மாதத்தில் ஆட்டம். பெரம்பலூரிலோ பரமக்குடியிலோ கபடி ஆடும் பையனும் இந்தக் கணக்கோடுதான் டாக்டர் முன்னால் உட்காருகிறான். டாக்டர் அவனுக்கும் கிடைத்துவிடுகிறார். இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே நுண்துளை அறுவை சிகிச்சை நடக்கிறது. அதற்குப் பிறகு வரும் ஒன்பது மாதத்தைக் கூடவே இருந்து கடத்திவிடும் ஆள்தான் அவனுக்குக் கிடைப்பதில்லை. பந்துக்கும் ஜடேஜாவுக்கும் பெங்களூரில் கிரிக்கெட் வாரியம் நடத்தும் அகாடமி இருந்தது. பிசியோ, ஜிம், பரிசோதனைக் கருவி, சம்பளம் எல்லாம் இருந்தது. திரையில் நாம் பார்த்தது கடைசி இரண்டு பந்து மட்டும்தான்.

‘டப்’ என்று ஒரு சத்தம்

விளையாட்டில் முழங்கால் காயம் என்றதும் முதலில் அடிபடும் பெயர் ஏ.சி.எல். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்கு உள்ளேயே பிணைத்துவைக்கும் இரண்டு குறுக்குத் தசைநார்களில் முன்னால் இருப்பது இது. சுண்டுவிரல் பருமன், நீளம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், பாதம் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும்போது முட்டி திருகிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது இதன் வேலை.

இது கிழிய யாரும் வந்து மோத வேண்டும் என்று இல்லை. பத்தில் ஏழு பேருக்கு, எதிராளி காலைத் தொடாத நேரத்தில்தான் கிழிகிறது. ஓடிவந்து சட்டென்று நிற்பது, திசை மாறுவது, குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது - இவ்வளவு போதும். கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால், பாட்மின்டன் எல்லாவற்றிலும் இந்த அசைவுகள் உண்டு. கபடியில் இவை மூச்சுக்கு மூச்சு உண்டு. ரெய்டு போனவனின் கணுக்காலை ஒருவன் கவ்வியிருப்பான். இவன் உடம்பு நடுக்கோட்டை நோக்கித் திரும்பியிருக்கும். பக்கவாட்டிலிருந்து இன்னொருவன் வந்து விழுவான். மண் தரையில் கால் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். ஷூ போட்டு மேட்டில் ஆடும்போது பாதம் பிடித்த இடத்தில் பிடித்தபடி நின்றுவிடும். அந்த விசை முழுவதும் முட்டிக்குப் போகிறது.

கிழிந்த நொடியில் ‘டப்’ என்று சத்தம் கேட்டதாகப் பலரும் சொல்வார்கள். சில மணி நேரத்தில் முட்டி வீங்கும். உள்ளே ரத்தம் கசிவதால் வரும் வீக்கம் அது. ‘ஜவ்வு பிசகியிருக்கும்’ என்று ஊரில் யாராவது சொல்ல, புத்தூர் கட்டோ எண்ணெய்க் கட்டோ போட்டுக்கொண்டு படுப்பான். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க ஆரம்பித்துவிடுவான். கட்டு போடாமல் படுத்திருந்தாலும் வடிந்திருக்கும் என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை. எலும்பு முறிந்தால் கூடும். மூட்டுத் திரவத்துக்குள் நனைந்து கிடக்கும் ஏ.சி.எல் முழுதாகக் கிழிந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. நேராக நடக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் அதற்குப் பெரிய வேலை கிடையாது என்பதால், குணமாகிவிட்டது என்றே தோன்றும்.

அடுத்த பொங்கல் ஆட்டத்தில் இறங்குவான். ஒரு திருப்பத்தில் முட்டி நழுவும். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் இந்த முறை சிக்கி நசுங்கும். ஒரு காயத்தோடு மருத்துவரிடம் போயிருக்க வேண்டியவன் இரண்டு காயத்தோடு போகிறான். நாட்டுக்கட்டு போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முட்டி வீங்கினால் ஓர் எலும்பு மருத்துவரும், தேவைப்பட்டால் ஒரு எம்.ஆர்.ஐ-யும் முதலில் பார்த்துவிட வேண்டும். கட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

தலையணையை எடுங்கள்

அறுவை சிகிச்சை ஒன்று, ஒன்றரை மணி நேர வேலை. சிறு துளை வழியே கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். கிழிந்த நாரைத் தைத்து ஒட்டுவது அபூர்வம். அவனுடைய பின்தொடையிலிருந்தோ, முட்டிச் சில்லுக்கு மேலோ கீழோ இருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, இரண்டு எலும்பிலும் துளை போட்டு, பழைய ஏ.சி.எல் இருந்த பாதையில் செலுத்திப் பொருத்துவதுதான் வழக்கம்.

‘முட்டி ஆபரேஷன்’ என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். மெனிஸ்கஸில் கிழிந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தால் சில வாரங்களில் ஓடலாம். அதையே தைத்திருந்தால் நான்கைந்து மாதம் பொறுக்க வேண்டும். ஏ.சி.எல் என்றால் ஒன்பது மாதமும் அதற்கு மேலும். பந்துக்கு நடந்ததைப் போல விபத்தில் முட்டியே இடம் பெயர்ந்து நார்கள் கிழிந்திருந்தால், ஆடுவதைப் பற்றிப் பேசவே ஒரு வருஷம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் நான்கே மாதத்தில் ஷட்டில் ஆடினார் என்று யாராவது சொன்னால், அவருக்கு உள்ளே என்ன செய்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பையன் கட்டிலில் சாய்ந்திருப்பான். முட்டி விண் விண்ணென்று தெறிக்கும். அம்மா ஒரு தலையணையை எடுத்துவந்து, முட்டிக்கு அடியில் பதமாக வைப்பார். கால் லேசாக மடங்கும், வலி சட்டென்று குறையும், நிம்மதியாகத் தூங்குவான். அந்தத் தலையணைதான் வில்லன். நாள் முழுக்க மடங்கியே கிடக்கும் முட்டி அப்படியே இறுகத் தொடங்கும். கடைசி ஐந்து டிகிரி நீட்ட முடியாமல் போனால் நடையில் சிறு விந்தல் தங்கிவிடும். விந்தி நடக்கிறவனின் தொடைத் தசை தேறாது. தலையணை வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முட்டி தன் எடையிலேயே கீழே இறங்கி நேராகும். வலிக்கும்தான். முதல் இரண்டு வாரத்தில் வேறு எதைச் சாதிக்காவிட்டாலும் காலை முழுதாக நீட்டிவிட வேண்டும் என்று பிசியோக்கள் தொண்டை வற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது துண்டு. சுருட்டிய துண்டை முட்டிக்குக் கீழே வைத்து, ‘முட்டியால் துண்டை அமுக்கு’ என்பார் பிசியோ. பார்க்க அற்பமான வேலை. அவன் தொடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு அமுக்கச் சொல்கிறான். தொடை அசைவதில்லை. பல்லைக் கடிக்கிறான், இடுப்பைத் தூக்குகிறான், மூச்சைப் பிடிக்கிறான். தொடை அப்போதும் சும்மா கிடக்கிறது. முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை, முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுகிறது. போன மாதம் வரை எதிராளியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டவனால் ஒரு துண்டை அமுக்க முடியவில்லை. அழுதுவிடுகிற பையன்கள் உண்டு. இரண்டு வாரத்தில் அந்தத் தொடை கண்ணுக்குத் தெரியவே மெலிந்துபோகும். பிறகு வரும் மாதங்கள் பெரும்பாலும் அந்தத் தசையைத் திரும்பச் சம்பாதிப்பதற்குத்தான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு மடங்கி, தொடையில் ஓரளவு பலம் வந்த பிறகு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் பின்னால் வேகமாகத் தேறுகிறார்கள். இந்தக் காயத்துக்கு அவசர அவசரமாக நாளைக்கே தேதி வாங்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் கிடையாது.

நம் ஊர் பிசியோக்களிடம் வரும் கேள்விகள் வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்காது. சம்மணம் போட்டுச் சாப்பிடலாமா? இந்தியன் டாய்லெட்டில் உட்காரலாமா? புல்லட் கிக்கரை உதைக்கலாமா? மலைக்கு மாலை போட்டிருக்கிறேன், படியேறலாமா? ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. எந்த நார், எந்தக் கால், மெனிஸ்கஸில் தையல் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். ஆழமாக மடக்கி உட்காருவதை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடச் சொல்வார்கள். கிக்கர் உதைப்பதைப் பல பிசியோக்கள் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார்கள்.

வலி போன பிறகுதான் ஆபத்து

மூன்றாவது மாதம் வரும். வலி இருக்காது. வீக்கம் இருக்காது. மெதுஓட்டத்துக்கு அனுமதி கிடைத்திருக்கும். மாலையில் மைதானத்துப் பக்கம் போய் உட்காருவான். ‘டேய், நல்லாத்தானே நடக்குற? ஒரு ஆட்டம் வாடா’ என்று கூப்பிடுவார்கள்.

உள்ளே பொருத்திய தசைநார் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை எடுத்த நொடியிலேயே அதன் ரத்த ஓட்டம் அறுந்துவிட்டது. புதிய இடத்தில் ரத்தக் குழாய்கள் வளர்ந்து வந்து, செல்கள் குடியேறி, நார்கள் புதிதாக அடுக்கப்பட்டு, அது ஏ.சி.எல்-லாக மாற ஒன்றிரண்டு வருஷம் ஆகிறது. நாற்றங்காலில் பச்சையாக நின்ற நாற்று, பிடுங்கி நட்ட பிறகு வேர் பிடிக்கும்வரை மஞ்சளடித்துத் துவண்டு நிற்கும், இதுவும் அப்படித்தான். பொருத்திய அன்றைக்கு இருந்ததைவிட இரண்டு, மூன்று மாதத்தில் அது பலவீனமாக இருக்கும். வலி முழுக்கப் போயிருப்பதும் அந்தச் சமயத்தில்தான்.

அவசரத்தின் விலையை உலகமே நேரலையில் பார்த்தது 2000 ஏப்ரல் 12-ல். பிரேசிலின் ரொனால்டோ 1999 நவம்பரில் முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரில் காயம் பட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இன்டர் மிலானுக்காக இத்தாலியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், லாசியோவுக்கு எதிராக, ஐந்தே மாதத்தில் மாற்று வீரராக இறங்கினார். ஏழாவது நிமிடம், பந்தோடு போகும்போது யாரும் தொடாமலே விழுந்தார். அதே தசைநார் இந்த முறை முழுதாக அறுந்தது. திரும்பிவர ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆனது. 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்து, யோகோஹாமாவில் ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலையும் அவரே போட்டார். அந்த எட்டு கோல் நினைவில் இருக்கும் அளவுக்கு ஏழு நிமிடம் யாருக்கும் நினைவில் இல்லை.

ஒன்பது மாதம் என்ற கணக்குக்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் டெலவேரிலும் நார்வேயின் ஒஸ்லோவிலும் இருக்கும் ஆய்வாளர்கள் சேர்ந்து 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். விளையாட்டுக்குத் திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் மறுகாயம் ஏறக்குறைய பாதி குறைகிறது; ஒன்பதாவது மாதம் வரை இப்படியே குறைந்துகொண்டு போகிறது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சோதனைகளில் தேறிவிட்டு ஆடப்போனவர்களில் மறுபடி முட்டியில் அடிபட்டது 5.6 சதவீதம் பேருக்கு. தேறாமலேயே போனவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு. காலண்டரைக் கிழித்தால் மட்டும் போதாது.

டேப்பும் ஒற்றைக் காலும்

அந்தச் சோதனைகளில் ஒன்று தாண்டல். பெரிய கருவி எதுவும் வேண்டாம். தரையில் ஒரு கோடு, தையல்காரர் வைத்திருக்கும் டேப்பைவிட நீளமான ஒன்று. நல்ல காலில் நின்று, கோட்டிலிருந்து முன்னால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தாண்டி, அதே காலில் இறங்கி ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு ஆபரேஷன் செய்த காலில் அதையே செய்ய வேண்டும். நல்ல கால் 150 சென்டிமீட்டர் போனால், இந்தக் கால் 135-ஆவது போக வேண்டும். அதாவது 90 சதவீதம். அடுத்து மூன்று தாண்டல் தொடர்ச்சியாக, அடுத்து கோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறி, கடைசியில் ஆறு மீட்டர் தூரத்தை ஒற்றைக் காலில் எத்தனை நொடியில் கடக்கிறான் என்று பார்ப்பார்கள்.

நல்ல பிசியோவின் கண் டேப்பில் இருக்காது. இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சரிகிறதா, இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா, முட்டியை மடக்கப் பயந்து காலை விறைப்பாக வைத்து இறங்குகிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பு கில்லாடி. முட்டி செய்ய வேண்டிய வேலையை இடுப்பிடமும் கணுக்காலிடமும் தள்ளிவிட்டு, தூரத்தைக் காட்டிவிடும். டேப்பில் 90 சதவீதம் வந்திருக்கும், தொடையில் வந்திருக்காது. அதனால்தான் முன்தொடையின் பலத்தைத் தனியாக அளக்கிறார்கள். இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒன்பது மாதம் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்துப்போன காலுக்கு 90 சதவீதம் என்பது பெருமைப்பட ஒன்றுமில்லை. காயம் படுவதற்கு முந்தைய அளவு ஏதாவது எழுதிவைத்திருந்தால் ஒப்பிடலாம். நம்மூரில் எந்த அணி அப்படி எழுதிவைத்திருக்கிறது?

இதற்கும் மேல் அவரவர் விளையாட்டு கேட்பது வேறு. விக்கெட் கீப்பர் ஒரு நாளில் 90 ஓவர் நின்றால் 540 முறை உட்கார்ந்து எழ வேண்டும். டி20-யில் ஆடிவிட்ட பந்த், டெஸ்ட்டுக்கு வர மேலும் ஆறு மாதம் ஆனதில் ஆச்சரியம் இல்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் முட்டியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்கும். சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆஸ்திரேலியாவில் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான சில மாதங்களில் இந்த அடி. அந்த வருஷம் செப்டம்பரில் ஐ.பி.எல்-லுக்கு வந்தபோது கொரோனா பிடித்துக்கொண்டது. 2022 ஐ.பி.எல்-லில்தான் பழைய யார்க்கர் திரும்பியது. 11 ஆட்டத்தில் 18 விக்கெட்.

எதிரே நின்ற அதே சீன வீராங்கனை

தொடை தேறிவிடும். தலைக்குள் இருக்கும் பயம் தேற நாளாகும். ஏ.சி.எல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கணக்கு வந்தது. நூற்றுக்கு 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள். முன்பு ஆடிய அளவுக்குத் திரும்புகிறவர்கள் 65 பேர். போட்டி விளையாட்டுக்குத் திரும்புகிறவர்கள் 55 பேர்தான். மற்றவர்களில் பலருக்கு முட்டி நன்றாகவே இருக்கிறது. திரும்பவும் கிழிந்துவிடுமோ என்ற பயம் அவர்களை வெளியே உட்காரவைத்திருக்கிறது. பாதி மனதோடு திரும்புகிறவன் பாதி வேகத்தில் தாக்குவான், ஒரு கணம் தயங்கிக் காலை ஊன்றுவான். அந்தத் தயக்கமே ஆபத்து. அதனால் மனத் தயார்நிலையை அளக்கவும் 12 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது.

வினேஷ் போகத்தைவிடப் பொருத்தமான உதாரணம் இந்தியாவில் கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக் கால் இறுதியில், சீனாவின் சுன் யானானோடு மோதும்போது அவருடைய வலது முழங்கால் போனது. அலறியபடி விழுந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். இரண்டு வருஷம் கழித்து ஜகார்த்தா ஆசியப் போட்டி. குலுக்கலில் முதல் சுற்றிலேயே எதிரே வந்து நின்றவர் அதே சுன் யானான். வினேஷ் அவரை வென்றார், தங்கமும் வாங்கினார். மல்யுத்தத்தில் ஆசியத் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்.

2023 ஆகஸ்ட்டில் இடது முழங்காலின் ஏ.சி.எல்-லும் பயிற்சியில் கிழிந்தது. 17-ம் தேதி அறுவை சிகிச்சை. எட்டு மாதத்தில் பிஷ்கெக்கில் ஒலிம்பிக் தகுதி பெற்றார். பன்னிரண்டு மாதம் நிறைவதற்குள் பாரிஸில், சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோற்றே இராத ஜப்பானின் யூய் சுசாகியைச் சாய்த்து இறுதி வரை போனார். 100 கிராம் எடை கூடுதலாக இருந்து அவர் தகுதியிழந்தது ஊரறிந்த கதை. அந்த அமளியில் முட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒன்பது மாதத்துக்கு முன்பே மேட்டுக்கு வந்தாரே என்று கேட்கலாம். முன்பே ஒரு முட்டியைத் தேற்றிய அனுபவமும் ஒரு முழுநேரக் குழுவும் அவருக்கு இருந்தன. கிராமத்துப் பையனுக்கு அவரை முன்மாதிரியாகக் காட்டுவது சரி; அவருடைய தேதியைக் காட்டக் கூடாது.

எல்லா முட்டிக்கும் கத்தி வேண்டுமா?

பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு டர்ஃப் வாடகைக்கு எடுத்துக் கால்பந்து ஆடும் கூட்டம் சென்னையிலும் கோவையிலும் பெருகியிருக்கிறது. முப்பத்தைந்து வயது, வாரம் ஒரு நாள் ஆட்டம், வார்ம்-அப் கிடையாது. முட்டிக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. இவர்களுக்கு ஏ.சி.எல் கிழிந்தால் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையா?

ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை சிகிச்சையும், மறு பாதிக்கு முதலில் பயிற்சியும் பிறகு தேவைப்பட்டால் மட்டும் அறுவை சிகிச்சையும் என்று முயன்று பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. இரண்டு வருஷத்தின் முடிவில் இரு தரப்பும் சொன்ன முட்டி நிலவரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியோடு தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதுவரை கத்தியே இல்லாமல் சமாளித்திருந்தார்கள். நேர்கோட்டில் ஓடவும் நீந்தவும் சைக்கிள் மிதிக்கவும் ஆசைப்படுகிறவர், முட்டி நழுவாமல் இருந்தால், மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கபடிக்கும் கால்பந்துக்கும் போயே தீருவேன் என்கிறவர், நழுவிக்கொண்டே இருக்கும் முட்டிக்காரர், மெனிஸ்கஸும் போனவர் ஆகியோரின் கணக்கு வேறு. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிடச் சில மடங்கு அதிகம். குதித்து இறங்கும் விதம், இடுப்பின் அமைப்பு, ஹார்மோன் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. சிறு வயதிலிருந்தே பெண் பிள்ளைகளைப் பளு தூக்கவிடாமல் வளர்ப்பதும் ஒரு காரணம் என்பேன். 2023 மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை பெத் மீட், லியா வில்லியம்சன், விவியன் மீடமா என்று ஒரு நட்சத்திரக் கூட்டமே ஏ.சி.எல் காயத்தால் தவறவிட்டது. இன்னொரு பக்கம், 25 வயதுக்குக் கீழே இருந்து மறுபடி ஆடப்போகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதே காலிலோ மறு காலிலோ மீண்டும் கிழிகிறது. ஃபிஃபா வகுத்த 20 நிமிட வார்ம்-அப் பயிற்சி காயங்களைக் கணிசமாகக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. பந்தும் மைதானமும் போதும், காசு செலவில்லை. நம் பள்ளி மைதானங்களில் இன்றும் இரண்டு சுற்று ஓடிவிட்டு நேராக மேட்ச்தான்.

யார் கொடுப்பது அந்த ஒன்பது மாதத்தை?

பையன் ஏன் அவசரப்படுகிறான் என்பதற்கு விளையாட்டு ஆசை மட்டும் காரணமில்லை. தமிழக அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். கல்லூரிச் சேர்க்கை, ரயில்வே, போலீஸ் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு இந்த வருஷம் ஆட வேண்டும். வயது வரம்பு காத்திருக்காது. ஒரு சீசன் போனால் ஒரு வேலை போகும். கோச்சுக்கும் அணி வேண்டும். ஆறாவது மாதத்தில் அவன் மேட்டில் நிற்பதை யாரும் தடுப்பதில்லை.

அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்கியோ காப்பீட்டிலோ வழி பிறந்துவிடுகிறது. வாரம் மூன்று முறை என்றால் ஒன்பது மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிசியோ அமர்வுகள். ஒவ்வொன்றுக்கும் சில நூறு ரூபாய், பஸ் செலவு, அப்பாவோ அண்ணனோ வேலையை விட்டு வரும் ஒரு நாள் கூலி. முதல் மாதம் ஒழுங்காக வருவான். இரண்டாவது மாதம் வாரம் ஒரு முறை. மூன்றாவது மாதம் வலி போனதும் நின்றுவிடுவான். தாண்டல் சோதனையை யாருமே அவனுக்கு வைத்திருக்க மாட்டார்கள். தோனிக்கு இருந்த டாக்டரை அவனுக்குக் கொடுப்பதைவிட, ஒன்பதாவது மாதத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ‘இன்னும் இல்லை’ என்று சொல்லும் ஒருவரைக் கொடுப்பது எளிது.

அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்குகள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கு அங்கேதான் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வருகிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை உட்கார ஒரு பிசியோ, ஒரு லெக் பிரஸ், இரண்டு சைக்கிள், ஒரு நோட்டு. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே ஒற்றைக் கால் தாண்டலை அளந்து அந்த நோட்டில் எழுதிவைத்தால், நாளைக்கு ஒருவன் அடிபட்டு வரும்போது அவனுடைய பழைய கால் எப்படி இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

அது வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருந்துச் சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: உள்ளே என்னென்ன செய்தார்கள், மெனிஸ்கஸில் தையல் உண்டா, ஊருக்குப் பக்கத்தில் எந்த பிசியோவிடம் போவது, மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் யாரிடம் காட்டுவது, ஒன்பதாவது மாதம் தாண்டல் சோதனையை யார் எடுப்பார். சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தாலும் போதும். அதன் நகல் ஒன்றை கோச்சிடமும் கொடுத்துவிட வேண்டும்.